புண்டரீகர் பறித்த பூவும் பிள்ளைகள் செய்யும் பூவும்

ஸ்ரீ:

தொண்டை நாட்டுத் திவ்யதேசங்களுள் கடலலையின் ஓசை காதில் விழும் அண்மையில் அமைந்தது திருக்கடல்மல்லை. இன்று மாமல்லபுரம் என வழங்கும் இத்தலத்தில் ஸ்தலசயனப் பெருமாள் நிலமங்கைத் தாயாருடன் எழுந்தருளியிருந்து ஸேவை ஸாதிக்கிறார். திருப்பாற்கடலில் பாம்பணைமேல் பள்ளிகொள்ளும் எம்பெருமான் இங்கே வெறுந்தரையிலே சயனித்ததற்குப் பெரியோர் ஒரு வரலாறு சொல்லுவர். உத்ஸவத்துக்கு வரும் யாத்ரிகர்களில் பலர் அதனை அறிந்திருப்பர். ஆயினும் சிறு பிள்ளைகளுடன் வந்திருப்போர் அதனை மற்றொருமுறை நினைவிற் கொள்ளுதல் நலம். ஏனெனில், பண்டிகை நாட்களில் பிள்ளைகளைக் கொண்டு காகிதத்தால் அலங்காரப் பொருள்கள் செய்விப்பது எவ்வாறு என்று கூறவந்த இக்கட்டுரைக்கு அவ்வரலாறே அடிப்படையாக நிற்கிறது.

புண்டரீக மஹரிஷி இத்தலத்துப் பொய்கையில் தாமரை மலர்களைக் கண்டார். அவற்றைத் திருப்பாற்கடல் நாதனுடைய திருவடிகளில் ஸமர்ப்பிக்க வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு எழுந்தது. பூக்களைப் பறித்துக்கொண்டு கிழக்கே நடந்தார். கடல் குறுக்கிட்டது. வழி வேண்டுமானால் நீரை அகற்றவேண்டும் என்று எண்ணிய மஹரிஷி, தம் இரு கைகளாலும் கடல்நீரை இறைத்துக் கரையில் கொட்டத் தொடங்கினார். நாட்கள் கழிந்தன, கடலோ குறையவில்லை, அவர் கையும் ஓயவில்லை. அப்பொழுது எம்பெருமான் ஒரு முதியவர் வடிவில் அவர்முன் வந்து பசிக்கிறது என்றார். தாம் அன்னம் கொண்டு வரும்வரை பூக்களைக் காத்திருக்குமாறு மஹரிஷி வேண்ட, முதியவரும் அதற்கு இசைந்து, நீர் இறைக்கும் பணியையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மஹரிஷி திரும்பி வந்து பார்த்தபோது, அப்பூக்களைத் தாமே சூடிக்கொண்டு எம்பெருமான் அந்தத் தரையிலேயே பள்ளிகொண்டிருந்தார்.

முதியவர் செய்ததும் செய்யாததும்

இவ்வரலாற்றில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கையால் கடலை இறைப்பவரைப் பார்த்து முதியவர் நகைக்கவில்லை. இரண்டாவது, தமது ஸங்கல்பத்தாலே ஒரு நொடியில் கடலை வற்றச் செய்து மஹரிஷியின் வேலையைத் தாமே முடித்துவிடவும் இல்லை. மூன்றாவது, அவர் செய்த வேலையிலேயே தாமும் பங்கு கொள்ள முன்வந்தார். அவர் பறித்து வந்த பூவையே உகந்து ஏற்றார்.

சிறு குழந்தை ஒன்று பண்டிகைக்காகக் காகிதத்தை மடித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டுப் பெரியோர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கின்றனர். சிலர், "இதெல்லாம் ஏன்? கடையில் நல்லதாக விற்கிறதே" என்று சொல்லிக் குழந்தையை எழுப்பிவிடுவர். சிலர் அன்பு மிகுதியால், "இப்படிக் கொடு, நான் செய்து தருகிறேன்" என்று கத்தரிக்கோலை வாங்கித் தாமே வெட்டி அழகாக முடித்துக் கொடுப்பர். முன்னவர் நகைத்தவர், பின்னவர் கடலை வற்றச் செய்தவர். இரண்டினாலும் குழந்தையின் கை வெறுங்கையாகவே நிற்கிறது. அருகே அமர்ந்து, அது இறைக்கும் கடலைத் தாமும் இறைப்பவரே அதற்குத் துணையாவார்.

குழந்தைகள் உத்ஸவத்தில் வெறும் பார்வையாளராக வளர்வது பெருங்குறையாகும். பெரியோரின் தோள்மீதிருந்து புறப்பாட்டைப் பார்த்து, பிரஸாதம் உண்டு, உறங்கியபடியே வீடு திரும்பும் குழந்தைக்குப் பண்டிகை என்பது பிறர் நடத்தும் ஒரு காட்சியாகவே மனத்தில் பதியும். தன் கையால் ஒரு தோரணமாவது கட்டிய குழந்தையோ அது தன் பண்டிகை என்று எண்ணும். கைங்கர்யம் என்னும் பெரிய சொல்லின் முதல் எழுத்து இவ்வாறே அதற்குக் கற்பிக்கப்படுகிறது. நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிய பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் காட்டிய வழியும் கையால் செய்யும் தொண்டே அன்றோ?

ஏடும் மலரும் காகிதமும்

தமிழிலே ஏடு என்னும் சொல் பூவின் இதழையும் குறிக்கும். பனையோலைச் சுவடியின் ஓலையையும் குறிக்கும். இதழ் என்னும் சொல் பூவுக்கும் பத்திரிகைக்கும் பொதுவாயிற்று. விழாக்காலத்து வெளியிடப்பெறும் இத்தகைய புத்தகமும் மலர் என்றே வழங்குகிறது. வடமொழியில் பத்ரம் என்னும் சொல்லும் இலையையும் எழுதும் ஏட்டையும் ஒருங்கே உணர்த்தும். இலையும் பூவும் எழுதும் ஏடும் ஓரினம் என்பது நம் முன்னோர் கருத்துப் போலும்.

காகிதம் இந்நாட்டுக்குப் பிற்காலத்தில் வந்தது. அதன் பெயரே பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஆனால் காகிதத்தால் இன்று செய்யும் வேலைகளில் பல அதற்கு முன்பே பனையோலையாலும் தென்னங்குருத்தாலும் செய்யப்பட்டவை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரும் பாதையில் இருபுறமும் பனைமரங்களைக் காணலாம். அம்மரத்தின் ஓலையால் கிளியும் கிலுகிலுப்பையும் காற்றாடியும் செய்து விளையாடாத பிள்ளைகள் முற்காலத்தில் இப்பக்கத்துச் சிற்றூர்களில் அரியர். தென்னங்குருத்தை மடித்துத் தோரணம் பின்னும் வழக்கம் இன்றும் திருவிழாப் பந்தல்களில் உள்ளது. ஆகவே காகிதக் கைவேலையைப் புதுமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பழைய கைத்திறம் புதிய ஏட்டில் தொடர்கிறது என்று கொள்ளலாம்.

மேல்நாட்டிலும் இதன் அருமையை உணர்ந்தவர்கள் உண்டு. ஜெர்மனி தேசத்தில் 1837ஆம் ஆண்டு சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கிய பிரெடெரிக் பிரோபெல் என்பவர், காகிதம் மடித்தலையும் வெட்டுதலையும் பாடத்தின் அங்கமாகவே வைத்தார். அவர் அப்பள்ளிமுறைக்கு இட்ட கிண்டர்கார்ட்டன் என்னும் பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அந்தக் காகித மடிப்புப் பாடத்தைக் கண்டு, அதிலே கணிதம் முழுவதும் ஒளிந்திருப்பதை உணர்ந்தவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. சுந்தர ராவ். ஒரு சதுரக் காகிதத்தை மடித்தே ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் முதலியவற்றை அமைக்கும் முறைகளை விளக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1893ஆம் ஆண்டு சென்னையில் அச்சாயிற்று. 1901இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் வெளிவந்தது. குழந்தை விளையாட்டு என்று பலரும் கடந்து செல்லும் ஒன்றை நம் நாட்டவர் ஒருவர் உலகத்துக்குப் பாடமாக்கினார்.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

பெருமாள் திருமேனியில் சாற்றுவதற்கும் அர்ச்சனைக்கும் உரியவை அன்றலர்ந்த பூவும் திருத்துழாயுமே. காகிதப் பூ அவற்றின் இடத்தைப் பெறாது. வீட்டு வாயில், கொலு மண்டபம், ஸ்ரீ ஜயந்தியன்று கண்ணனுக்குக் கட்டும் தொட்டில், பூஜையறையின் சுவர் ஆகியவையே காகித வேலைக்குரிய இடங்கள். "நான் செய்த பூவைப் பெருமாள் போட்டுக்கொள்ள மாட்டாரா?" என்று குழந்தை கேட்கக்கூடும். "பெருமாள் சூடிக்கொள்வது துளஸி, பெருமாள் பார்த்துக்கொண்டே இருப்பது நீ செய்த தாமரை" என்று சொன்னால் அதன் மனம் நிறையும், சொன்னது பொய்யும் ஆகாது.

எழுத்துள்ள காகிதத்தைக் காலில் மிதிபடும் இடத்தில் இடலாகாது என்பது நம்மவர் மரபு. தெய்வத் திருவுருவம் அச்சிட்ட நாட்காட்டித் தாளையும் அழைப்பிதழையும் கத்தரிக்கோலுக்கு இரையாக்குதல் கூடாது. ஸ்ரீ ஜயந்தியன்று வாயிலிலிருந்து பூஜையறைவரை இடும் கண்ணன் திருவடிகளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டுவதும் உசிதமன்று; அவை கிழியும், காலில் வழுக்கும். அரிசிமாவைக் கரைத்து, குழந்தையின் கைப்பிடியை அதிலே தோய்த்துத் தரையில் பதித்து, மேலே ஐந்து விரற்புள்ளிகளை வைப்பதே அதற்குரிய முறை. அம்மாவு எறும்புக்கும் உணவாகும்.

அகல் விளக்கின் அருகிலே காகித அலங்காரம் கூடாது. திருக்கார்த்திகையன்று இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வேண்டிய பொருள்கள் சிலவே. பட்டம் ஒட்டுவதற்கு விற்கும் மெல்லிய வண்ணத்தாள், எழுதாத வெள்ளைத்தாள், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கிக் காகிதம், நூல், நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோல், பசை ஆகியவை போதும். பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு பங்கு மைதாவை நான்கு ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆறவைக்க வேண்டும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் கைபடும் பசையில் அதனைச் சேர்க்கலாகாது. வண்ணத்துக்கு மஞ்சள்தூள் குழைத்த நீரும் பீட்ரூட் சாறும் ஏற்றவை.

முதற்பாடம்: எட்டிதழ்த் தாமரை

இது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரியது. புண்டரீகம் என்றால் வெண்டாமரை என்று பொருள் சொல்லி, மஹரிஷியின் கதையையும் சொல்லியபிறகு தொடங்குக.

பெரியவரின் கையால் ஒரு சாண் அளவுள்ள சதுரமான மெல்லிய தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைச் சரிபாதியாக மடிக்க, இரண்டு அடுக்காகும். மீண்டும் பாதியாக மடிக்க, நான்கு அடுக்குள்ள சிறு சதுரமாகும். அச்சதுரத்தின் நான்கு மூலைகளில் ஒன்று, ஓரங்கள் பிரியாமல் மூடியிருக்கும். அதுவே விரித்த தாளின் நடு, பூவின் இதயம். அம்மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக மடித்தால் எட்டு அடுக்குள்ள முக்கோணம் கிடைக்கும். மூடிய முனையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்புறத்தை வளைவாக வெட்டவேண்டும். வளைவின் உச்சி, இரண்டு மடிப்புகளுக்கும் நடுவிலே அமையட்டும். வளைவு இருபக்கமும் சரிந்து, பக்கத்தின் பாதியளவில் வந்து முடியட்டும். விரித்துப் பார்த்தால் எட்டிதழ்கள் மலர்ந்திருக்கும்.

வளைவின் உச்சி நடுவில் அமையாமல் ஒரு மடிப்பின்மேல் அமைந்துவிட்டால் எட்டுக்கு மாறாக நான்கு இதழ்களே வரும். மூடிய முனையை வெட்டிவிட்டால் நடுவில் ஓட்டை விழும். பிள்ளை இவ்வாறு செய்துவிட்டால் தடுக்க வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். "ஏன் நாலு வந்தது?" என்று அது தானாகக் கேட்கும். அடுத்த தாளை அதனிடமே கொடுத்து, மடிப்பையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்க்கச் செய்தால் விடையைத் தானே கண்டுகொள்ளும். பிறர் சொல்லித் தெரிந்த விடையைக் காட்டிலும் தன் கை கண்ட விடை நெடுநாள் நிற்கும்.

இவ்வாறே முக்கால் சாண், அரைச் சாண் அளவுள்ள சதுரங்களிலும் இரண்டு பூக்கள் வெட்டி, பெரியதன்மேல் சிறியதாக அடுக்கி, கீழ்ப்பூவின் இதழிடுக்குகளில் மேற்பூவின் இதழ்கள் வருமாறு திருப்பி நடுவில் ஒட்ட வேண்டும். ஒவ்வோர் இதழையும் பென்சிலின்மேல் சுருட்டி விட்டால் நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் நிறத்தாளைச் சிறு துண்டாக்கி, ஓரத்தைச் சீப்புப்போல் கீறிச் சுருட்டி நடுவில் வைத்தால் பொகுட்டும் மகரந்தமும் ஆகும்.

முதல் மடிப்பில் இரண்டு, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் எட்டு என்று பிள்ளை எண்ணிக்கொண்டே மடிக்கட்டும். எட்டு வந்தவுடன், திருமந்திரத்துக்கும் எழுத்து எட்டு என்று சொல்லி வைக்கலாம். அதன் பொருளை உரிய காலத்தில் ஆசார்யன் உபதேசிப்பார். எட்டிதழ்த் தாமரையைக் கண்டபோதெல்லாம் எட்டெழுத்து என்று ஒன்று உண்டென்னும் நினைவு பிள்ளைக்கு வந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

இரண்டாம் பாடம்: குருக்கத்திப் பூ

மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கத்தரிக்கோலைக் கையாள இயலாது. அவர்களுக்குக் கிழிப்பதே இன்பம். அந்த இன்பத்துக்கு இத்தலத்திலேயே ஒரு பூ காத்திருக்கிறது. முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் ஐப்பசி மாதத்து அவிட்ட நக்ஷத்திரத்தில், திருக்கடல்மல்லையில் குருக்கத்திப் பூவிலே அவதரித்தார் என்பது குருபரம்பரை வழக்கு. பொய்கையாழ்வார் காஞ்சியில் தாமரையிலும், பேயாழ்வார் மயிலையில் செவ்வல்லியிலும் தோன்றினர். அடுத்தடுத்த மூன்று நாட்களில் மூன்று பூக்களில் மூவர் அவதரித்தனர் என்று சொன்னால், கேட்கும் குழந்தையின் விழிகள் விரியும்.

மாதவி என்றும் பெயர் பெற்ற குருக்கத்தியின் பூவுக்கு வெண்மையான ஐந்து இதழ்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் மட்டும் மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். இதழோரங்கள் ஒழுங்காக இராமல் நூல்நூலாகப் பிரிந்து, கிழித்து விட்டாற்போலவே இருக்கும். ஆகவே குழந்தை கையால் கிழித்த காகிதமே இப்பூவுக்கு ஏற்றது. கத்தரிக்கோலால் வெட்டியது ஏற்காது.

வெள்ளைத்தாளில் கட்டைவிரல் நீளத்துக்கு ஐந்து துண்டுகளைக் குழந்தை கிழிக்கட்டும். ஓரங்களை நகத்தால் சிறிது சிறிதாகப் பிய்க்கட்டும். ஒன்றின் நடுவில் மட்டும் மஞ்சள் குழம்பை விரலால் தொட்டு வைக்கட்டும். ஒரு சிறு வட்டத்தாளில் பசை தடவிப் பெரியவர் பிடித்துக்கொள்ள, ஐந்தையும் குழந்தை ஒட்டட்டும். நான்கு ஒட்டி நிறுத்தினாலும், ஆறு ஒட்டினாலும் திருத்த வேண்டாம். இத்தகைய பூக்கள் பலவற்றை நூலில் கோத்து, ஐப்பசி அவிட்டத்தன்று வீட்டிலுள்ள ஆழ்வார் திருவுருவப் படத்தின் இருமருங்கும் தொங்கவிடலாம். ஆழ்வாருடைய இரண்டாம் திருவந்தாதி விளக்கை உருவகமாகக் கொண்டு தொடங்குவது. அன்று மாலை குழந்தையின் கையைப் பிடித்து, பூமாலையினின்று தள்ளி ஒரு நெய்விளக்கும் ஏற்றலாம்.

மூன்றாம் பாடம்: கோவர்த்தனம்

இது வீடு முழுவதும் சேர்ந்து செய்வதற்குரியது. ஸ்ரீ ஜயந்திக்கு மிகவும் பொருந்தும். இதற்குமுன், கூடுமானால், மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நலம். ஸ்தலசயனப் பெருமாள் ஸந்நிதிக்கு அருகிலேயே, பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் அக்காட்சியைப் புடைப்பாக வடித்திருக்கின்றனர். கண்ணன் திருக்கையை உயர்த்தி மலையைத் தாங்குகிறான். அதன்கீழே ஆயரும் ஆய்ச்சியரும் ஆநிரையும் அச்சமின்றித் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். ஓர் ஆயன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நாவால் நக்குகிறது. "மழை கொட்டுகிறதே, இந்தப் பசு ஏன் பயப்படவில்லை?" என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். விடையை அவர்களே சொல்லுவர்.

வீட்டுக்கு வந்தபின், காக்கிக் காகிதத்தில் பெரிய தாள் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கசக்கச் சொல்ல வேண்டும். "கசக்காதே" என்று சொல்லிப் பழகிய வீட்டில் "கசக்கு" என்று சொன்னால் அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கசக்கி விரித்து, மறுபடியும் கசக்கி விரித்தால் தாள் துணிபோல் மென்மையாகி, வைத்த வடிவில் நிற்கும். நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்தி மலையாக்க வேண்டும். பச்சைத்தாளைக் கிழித்து ஒட்டினால் மரங்களும் செடிகளும் ஆகும்.

பசுக்களுக்குச் சற்றுக் கனமான தாள் வேண்டும். தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பசுவின் முதுகாக வருமாறு உடலையும் கால்களையும் பக்கத்தில் வரைந்து, இரு மடிப்பும் சேர்த்து வெட்டினால் கூடாரம்போல் நான்கு காலில் நிற்கும். தலையைத் தனியே வெட்டி ஒட்டலாம். தலையைத் திருப்பி ஒட்டினால் கன்றை நக்கும் பசுவாகும்.

எல்லாம் முடிந்தபின், வீட்டின் மிகச் சிறிய குழந்தை தன் சுண்டுவிரலை மலையின் கீழே கொடுத்துத் தூக்கட்டும். காகித மலை ஆதலால் அது எழும்பும். பசுக்களை மற்றவர்கள் அதன்கீழ் ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கட்டும். எம்பெருமான் ஏழு நாள் மலையைத் தாங்கி நின்றான் என்று அப்போது சொன்னால், சிறிது நேரத்தில் கை வலிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஏழு நாள் என்பதன் பெருமை தானே விளங்கும்.

பெரியோர்க்குரிய பாடம்

மேற்சொன்ன மூன்றும் பிள்ளைகளுக்குரியவை. பெரியோர் கற்க வேண்டியது ஒன்று உண்டு, அதுவே கடினமானது. பிள்ளை செய்ததைப் பிள்ளை செய்தபடியே விட்டுவைத்தலே அது.

ஒரு வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறார்கள் என்று கொள்வோம். பேத்தி நாள் முழுவதும் இருந்து ஒரு தாமரை செய்திருக்கிறாள். ஓர் இதழ் நீண்டும் ஓர் இதழ் குறுகியும் இருக்கிறது. பசை வழிந்து கறையாயிருக்கிறது. மாலையில் சுற்றத்தார் வரப்போகிறார்கள் என்று பாட்டி அதனை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய பூவை அவ்விடத்தில் வைக்கிறார். பாட்டியின் எண்ணம் தவறானதன்று. கொலு அழகாக அமையவேண்டும் என்பதே. ஆனால் படுக்கப்போகுமுன் பேத்தி அந்தப் படியைப் பார்க்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பசையும் தாளும் கொண்டுவந்து வைத்தபோது, "பாட்டி, நீங்களே செய்யுங்கள்" என்கிறாள். கொலு அழகாயிற்று, குழந்தை அதிலிருந்து விலகிப்போயிற்று. இழந்தது எது, பெற்றது எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு வரும் யாத்ரிகர்கள் ஐந்து ரதங்களைக் காணாமல் திரும்புவதில்லை. ஒற்றைப் பாறைகளைக் குடைந்து அமைத்த அவற்றிலும் வேலை முற்றுப்பெறாத பகுதிகள் உள்ளன. உளி பட்ட தடம் அப்படியே நிற்கிறது. முற்றுப்பெறவில்லை என்பதால் எவரும் அவற்றை இகழ்வதில்லை. சிற்பியின் கை எவ்வாறு சென்றது என்பதை அத்தடத்திலேயே கண்டு வியக்கின்றனர். 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் அவை இடம்பெற்றன. குழந்தையின் காகிதத்திலுள்ள கோணல் மடிப்பும் அதன் கை சென்ற தடமே. அதனைத் திருத்தி அழிப்பதைக் காட்டிலும், தேதியிட்டு எடுத்து வைப்பது மேல். பத்தாண்டு கழித்துக் கொலுப் பெட்டியைத் திறக்கும்போது, விலை கொடுத்து வாங்கிய பொம்மைகளைக் காட்டிலும் அதுவே வீட்டாரை நெகிழ்விக்கும்.

பண்டிகை முடிந்தபின்

தொடங்குவதற்கு முறை இருப்பதுபோல் முடிப்பதற்கும் முறை உண்டு. மாமல்லபுரம் முதல் திருவிடந்தை வரையுள்ள கடற்கரை, மாசி மகத்தன்று தீர்த்தவாரி காணவும் நீராடவும் மக்கள் திரளும் கரைகளைக் கொண்டது. தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுவதும் இக்கடற்கரையிலேதான். கரையில் விட்டுச்செல்லும் மினுமினுப்புத் தாளும் தெர்மாகோலும் மட்குவதில்லை. கடலுக்குள் சென்று, உணவென்று மயங்கும் உயிர்களின் வயிற்றில் சேர்கின்றன. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. பிளாஸ்டிக் கொடிகளும் அவற்றுள் அடங்கும்.

ஆகவே பூச்சில்லாத எளிய காகிதமே இவ்வேலைக்கு உகந்தது. விழா முடிந்ததும், எடுத்து வைக்க விரும்பும் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே நூலும் தாளும் தனியாகப் பிரித்து, தாளைத் தண்ணீரில் ஊறவைத்துச் செடியின் அடியில் புதைக்கச் சொல்லலாம். மஞ்சளும் பீட்ரூட்டும் மாப்பசையும் மண்ணுக்குத் தீங்கு செய்யா. திருக்குளத்தில் மட்டும் எதனையும் இடலாகாது. புண்டரீகர் அக்குளத்திலிருந்து பூ எடுத்தார். நாம் அதிலே குப்பை சேர்த்தல் தகுமோ?

செங்கழுநீர்ப்பட்டு என்னும் பூவின் பெயரே செங்கல்பட்டு என மருவிற்று என்பர். தாமரை பூத்த பொய்கையும், ஆழ்வாரை அளித்த குருக்கத்தியும் உள்ள இந்நாட்டுக்கு வந்து ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள், வீட்டுக்குப் போனதும் ஒரு மாலைப்பொழுது பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து ஒரு தாளை மடிப்பார்களாக. தரையில் அமர்வது தாழ்வன்று. ஒரு பக்தர் பறித்த பூவுக்காகப் பாம்பணையையும் விட்டுத் தரைக்கு இறங்கி வந்த பெருமாள் இங்கே சயனித்திருக்கிறார். பிள்ளைகளின் சிறு கைகள் செய்யும் சிறு தொண்டையும் அவர் திருக்கண்களால் கடாக்ஷித்து, அக்கைகள் வளர்ந்து பெருங்கைங்கர்யம் செய்யுமாறு அருள்வாராக.

சுபம்.